சாளையில் ஓடுமா விசைப்படகு?

மீன் எண்ணெயை ஊற்றினால் டீசல் இன்ஜின் ஓடுமா? ஓடும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மூலிகை பெட்ரோல் கதை கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டில் இப்படிச் சொன்னால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் இது அந்த வகை இல்லை. முழுக்க முழுக்க பாடப்புத்தக வேதியியல்.

அப்படியானால் தூத்துக்குடி துறைமுகத்திலும், உவரி, இடிந்தகரை கரையிலும் இவ்வளவு மீன் இறங்கும்போது, ஏன் ஒருவரும் அதிலிருந்து டீசல் எடுத்து விற்கவில்லை? விஷயம் அங்கேதான் இருக்கிறது. இதற்கான பதில் கெமிஸ்ட்ரி லேபில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்திலும், மீன்காரம்மாவின் பெட்டியிலும் இருக்கிறது. காமர்ஸ் மாணவர்களும் பயோடீசல் பற்றிப் பேசலாம் என்பதற்கு இது ஒரு நல்ல சாக்கு :-)

முதலில் கொஞ்சம் வரலாறு

ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த இன்ஜின் 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அங்கே ஒரு சிறிய இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அதாவது டீசல் இன்ஜினுக்குத் தாவர எண்ணெய் புதிது இல்லை. பிறகு பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் கடலை எண்ணெய் தாளிக்கப் போய்விட்டது.

இந்தியாவில் பயோடீசல் பேச்சு சூடு பிடித்தது 2003-ல். திட்டக்குழு அமைத்த குழு அந்த வருடம் கொடுத்த அறிக்கையில் காட்டாமணக்குதான் கதாநாயகன். ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நட்டு, 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்று கணக்கு. 2005 அக்டோபரில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் பயோடீசல் கொள்முதல் கொள்கையை அறிவித்தது. விலை லிட்டர் 25 ரூபாய். அந்த விலைக்கு விற்றால் விதை வாங்கிய காசுகூடத் திரும்பாது. தண்ணீரே இல்லாத நிலத்திலும் காய்த்துத் தள்ளும் என்று சொன்ன செடி, தண்ணீர் ஊற்றினால்தான் ஓரளவு காய்த்தது. தமிழ்நாட்டிலும் மானியம் கொடுத்து நட்டார்கள். விளைவு எல்லோருக்கும் தெரியும். 20 சதவீதம் என்ற அந்த இலக்கு 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் 2030க்குள் 5 சதவீதமாகச் சுருங்கியது.

காட்டாமணக்கு கற்றுக் கொடுத்த பாடம் ஒன்றுதான். எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. அந்த எண்ணெய் என்ன விலைக்கு, எவ்வளவு, எத்தனை நாள் தொடர்ந்து கிடைக்கும் என்று கேட்க வேண்டும். மீனுக்கும் இதே கேள்விதான்.

பனங்காயும் மூன்று நுங்கும்

பயோடீசல் எப்படித் தயாராகிறது என்பதை நெல்லைப் பாஷையில் சொல்வது சுலபம். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு பனங்காய் மாதிரி. வெளியே கிளிசரின் என்ற ஓடு. உள்ளே கொழுப்பு அமிலம் என்ற மூன்று நுங்கு. முழுக் காயாக இருக்கும்வரை எண்ணெய் கெட்டியாக இருக்கும். இன்ஜினின் நாசில் வழியாகப் புகை மாதிரி பீய்ச்ச முடியாது. நுங்கைத் தனித்தனியாக எடுத்துவிட்டால் இளகிவிடும். அந்த வேலையைச் செய்வது மெத்தனால். அரிவாளாகக் கூட நிற்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது காஸ்டிக் சோடா.

100 கிலோ எண்ணெய்க்கு வேதியியல் கணக்குப்படி சுமார் 11 கிலோ மெத்தனால் தேவை. வேலை முழுதாக முடிய வேண்டும் என்பதற்காக அதைப்போல இரண்டு மடங்கு ஊற்றி, மிச்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். எண்ணெயின் எடையில் ஒரு சதவீதம் அளவுக்குக் காரம், 60 டிகிரி சூடு, ஒரு மணி நேரக் கலக்கல். பிறகு அசையாமல் வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். கழுவி, ஈரம் போக்கினால் முடிந்தது. நூறு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய நூறு கிலோ பயோடீசலும் பத்து கிலோ கிளிசரினும் கிடைக்கும். சாதாரண டீசலைவிட லிட்டருக்கு 8 சதவீதம்போல சக்தி குறைவு. மற்றபடி ஐந்துக்கு ஒரு பங்கு கலந்தால் இன்ஜினில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை.

கேட்க சுலபம்தான். ஆனால் யாரும் வீட்டுப் பின்கட்டில் முயற்சி செய்ய வேண்டாம். மெத்தனால் எளிதில் தீப்பிடிக்கும், கொடிய விஷமும்கூட. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். சின்னப் பட்டறை போட்டு மீன் டீசல் காய்ச்சலாம் என்று கனவு காண்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

மீன் எண்ணெய்க்கு மட்டும் உள்ள இரண்டு வில்லங்கம்

ஒன்று, மீன் சீக்கிரம் கெடும். கெட்ட மீனிலிருந்து எடுத்த எண்ணெயில் நுங்கு ஏற்கனவே காயிலிருந்து கழன்று கிடக்கும். இதற்கு விடுபட்ட கொழுப்பு அமிலம் என்று பெயர். இது 2 சதவீதத்துக்கு மேல் போனால், காரம் ஊற்றியதும் டீசலுக்குப் பதிலாக சோப்பு வரும். அப்படிப்பட்ட எண்ணெயை முதலில் அமிலம் விட்டு ஒருமுறை பக்குவப்படுத்த வேண்டும். வேலையும் செலவும் இரட்டிப்பு.

இரண்டாவது, மீன் எண்ணெயின் பெருமையே அதன் சிறுமை. டாக்டர்கள் சாப்பிடச் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று இரண்டு முக்கியமான சாமான்கள். ஒன்றில் ஐந்து இரட்டைப் பிணைப்பு, மற்றதில் ஆறு. இரட்டைப் பிணைப்பு அதிகம் இருந்தால் காற்றுப் பட்டதும் எண்ணெய் சிக்குப் பிடித்து, பிசினாகிவிடும். வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசும் வழக்கம் வந்ததே இதனால்தான். காய்ந்ததும் மரத்தின் மேல் ஒரு தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு நல்லதாக இருந்த அதே குணம் இன்ஜின் பம்புக்கு எமன். ஐரோப்பிய பயோடீசல் தரம், நான்கு அல்லது அதற்கு மேல் இரட்டைப் பிணைப்பு உள்ள சாமான் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. சாளை எண்ணெயில் இந்த இரண்டு மட்டுமே நாலில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். ஆகவே தனிச் சாளை எண்ணெய் அந்தப் பரீட்சையில் ஃபெயில். வேறு எண்ணெயோடோ டீசலோடோ கலந்து, தாமதிக்காமல் எரித்தால்தான் உண்டு.

காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு துரை

கூட்டுறவு பற்றிப் படித்தவர்கள் எல்லோரும் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற பெயரைக் கடந்து வந்திருப்பார்கள். சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் அமைக்கலாமா என்று ஆராய்ந்து 1890களில் பெரிய அறிக்கை கொடுத்தவர். 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி.

அதே நிக்கல்சன்தான் சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கி வைத்தவர் என்பது ரெண்டு மார்க்கில் வராது. அப்போது திருநெல்வேலிக் கடற்கரையும் மலபார் கடற்கரையும் ஒரே மாகாணம். மலபாரில் மத்தி கூட்டம் கூட்டமாக வரும் (நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் சாளை என்பதை மற்ற ஊர்களில் மத்தி என்பார்கள்). விற்க முடியாத மத்தியை அழுக விட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுப்பது அந்தக் காலத்துப் பழக்கம். அழுகாத மீனை வேகவைத்துப் பிழிந்தால் நல்ல எண்ணெயும், சக்கையிலிருந்து உரமும் கிடைக்கும் என்று நிக்கல்சனின் துறை செய்து காட்டியது. மலபார், தென் கன்னடக் கரைகளில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஆலைகள் முளைத்தன. மத்தி எண்ணெயில் சோப்பு செய்து பார்த்த முயற்சிதான் 1914-ல் கோழிக்கோட்டில் சோப்பு நிறுவனமாக வளர்ந்தது. கேரளா சோப்ஸ் என்ற பெயரின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. ஆலைகள் பெருகிய பிறகு 1940களில் மத்தி வரத்து படுத்துவிட்டது. குஞ்சு மத்தியை வாரும் வலைகளுக்கு அரசு கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. பிடித்ததால் குறைந்ததா, கடல் மாறியதால் குறைந்ததா என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் வாதாடினார்கள். ஆலை போட்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான், கொதிகலன் காலி.

மத்தி இப்போதும் அதே வேலையைத்தான் செய்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி கரை சேர்ந்தது. 2021-ல் 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை! பிறகு மறுபடியும் ஏறியது. இப்படி ஏறி இறங்கும் மூலப்பொருளை நம்பி வங்கியில் கடன் கேட்டால், மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

எங்கே வெற்றி பெற்றார்கள்?

அமெரிக்காவின் அலாஸ்காவில் டச்சு ஹார்பர் என்ற தீவுத் துறைமுகம் உண்டு. பொல்லாக் என்ற மீனை வெட்டிப் பதப்படுத்தும் பெரிய ஆலைகள் அங்கே உள்ளன. 2001 வாக்கில் அங்குள்ள யூனிசீ ஆலையில் மீன் எண்ணெயை டீசலோடு பாதிக்குப் பாதி வரை கலந்து ஜெனரேட்டர் ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது. மெத்தனால்கூட வேண்டியிருக்கவில்லை, அப்படியே எண்ணெய். ஏன் அங்கே கட்டுப்படியானது? டீசல் கப்பலில் வர வேண்டும், மீன் எண்ணெய் கப்பலில் போக வேண்டும். இரண்டு பக்கமும் கப்பல் கூலி. அந்தக் கூலியை மிச்சம் பிடித்ததுதான் லாபம்.

வியட்நாமில் இன்னொரு கதை. மீகாங் ஆற்றுப் பகுதியில் வளர்க்கும் பங்காசியஸ் கெளுத்தியை, இங்கே ஹோட்டல்களில் பாசா என்ற பெயரில் வறுத்துத் தருகிறார்கள். சதைத் துண்டை ஏற்றுமதி செய்தபின் வயிற்றுக் கொழுப்பு மலைபோல் மிஞ்சும். அந்தக் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புத் தொல்லை குறைவு, டீசலுக்கு ஏற்றது. 2000களின் நடுவிலிருந்தே அங்கே முயற்சிகள் நடந்தன. 2008-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு எனர்ஃபிஷ் என்ற திட்டம் தொடங்கி, கழிவிலிருந்து வரும் பயோடீசலில் மீன் ஆலைக்கே மின்சாரமும் குளிரூட்டலும் தரலாம் என்று முயன்றது. ஆனால் பின்னர் 2010களில் அதே கொழுப்பைச் சுத்திகரித்துச் சமையல் எண்ணெயாகவே விற்கும் ஆலை வந்துவிட்டது. எரிப்பதைவிட விற்பதில் காசு அதிகம்.

இரண்டு கதைகளிலும் ஒரே சூத்திரம்தான். ஒரே இடத்தில், ஒரே வகை மீன், தினமும், மிச்சக் கொழுப்போடு சேர வேண்டும். சேர்ந்த இடத்திலேயே எரிக்க வேண்டும்.

தூத்துக்குடி, நெல்லைக் கணக்கு

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. 1986 வரை இந்தக் கரை முழுக்க ஒரே திருநெல்வேலி மாவட்டம். இன்று தூத்துக்குடி தனி. ஆனாலும் ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் தாண்டி நெல்லை வரை காலையில் ஐஸ் பெட்டியோடு வரும் மீனுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

ஆற்று மீனிலும் குளத்து மீனிலும் டீசல் எடுக்கலாமா என்றால், விராலிலும் கெண்டையிலும் சதைதான் உண்டு. பிழிகிற அளவுக்கு எண்ணெய் இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதியாகும் இறால், கணவாய், நண்டின் கழிவைக் கேட்டால், இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது கைட்டின். அதற்கு வேறு மார்க்கெட். ஆக, மீன் கழிவு எல்லாம் எண்ணெய் ஆகாது. கடைசியில் வந்து நிற்பது சாளையிடம்தான்.

சாளையிலும் எண்ணெய் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முட்டையிட்டு முடித்த சமயத்தில் 2, 3 சதவீதம். கொழுத்த சமயத்தில் 15-ஐத் தாண்டும். மீன்தூள் ஆலைகளின் உலகச் சராசரி, 100 கிலோ பச்சை மீனுக்கு 22 கிலோபோல மீன்தூளும் 5 கிலோபோல எண்ணெயும்.

இப்போது ஒரு கணக்கு. தமிழ்நாட்டு விசைப்படகு ஒன்றுக்கு அரசு தரும் விற்பனை வரி விலக்கு டீசலின் உச்ச அளவு, 2023 ஆகஸ்ட் அறிவிப்பின்படி ஆண்டுக்கு 19,000 லிட்டர். இதை அப்படியே மீன் டீசலாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 0.88 கிலோ என்றால் 16,720 கிலோ எண்ணெய். 5 சதவீதம் என்றால் 334 டன் மீன்! ஆண்டில் 61 நாள் தடைக்காலம், புயல், பழுது, திருவிழா எல்லாம் போக 200 நாள் கடலுக்குப் போகிறது என்றால், அந்தப் படகு தினமும் ஒன்றரை டன்னுக்கு மேல் எண்ணெய் மீன் பிடித்து, அவ்வளவையும் தன் சொந்த டேங்குக்கே கொடுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கலந்தால்கூட 67 டன் வேண்டும். இது ஒரு படகுக்கான கணக்கு.

தன் வாலைத் தானே தின்னும் பாம்பு கதைதான்.

விலைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். உலகிலேயே அதிகம் மீன் எண்ணெய் எடுக்கும் பெரு நாட்டில் எல் நினோ வந்ததால் 2023-ன் முதல் நெத்திலிப் பருவமே ரத்தானது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. ஒரு டாலர் 83 ரூபாய் என்றால் கிலோ 415 ரூபாய். அப்போது தமிழ்நாட்டில் டீசல் லிட்டர் 94 ரூபாய் சுமார். இறால் தீவனம், சால்மன் தீவனம், ஒமேகா-3 மாத்திரை என்று வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது, நல்ல மீன் எண்ணெயை எரிப்பது சந்தனக்கட்டையை அடுப்பில் வைப்பது மாதிரி. வாய்ப்புச் செலவு என்று பி.காம் முதல் வருடத்தில் மனப்பாடம் செய்யும் சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கூறு போட்ட சாளை

இது வரைக்கும் பேசியது எல்லாம் ரூபாய்க் கணக்கு. இன்னொரு கணக்கு உண்டு.

சீலாவும் வாவலும் விலை ஏறிப்போன பிறகு கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் மீன் குழம்பு என்றால் சாளைதான். தெருவில் பெட்டியை இறக்கி வைக்கும் மீன்காரம்மாவிடம் நடக்கும் பேரமும் அதைச் சுற்றியே இருக்கும்.

"என்ன மயினி, இத்தனூண்டு கூறுக்கா நூறு ரூவா?"

"எனக்கே ஏலத்துல கெடைக்கலம்மா. கம்பெனிக்காரன் மொத்தமா எடுத்துட்டுப் போயிட்டான்."

மீன்தூள் கம்பெனிக்குப் போகும் மீன் எல்லாம் கழிவு என்று சொல்லப்படுகிறது. நசுங்கியது, குஞ்சு, யாரும் வாங்காதது என்று பெரும்பங்கு அப்படித்தான். ஆனால் ஏலத்தில் கம்பெனி ஒரு விலை கேட்க ஆரம்பித்துவிட்டால், சட்டிக்குப் போகிற மீனுக்கும் கழிவுக்கும் இடையே உள்ள கோடு மெல்லமாக நகரும். இன்று தீவனத்துக்காக நகர்கிற கோடு, நாளை டீசலுக்காகவும் நகர்ந்தால் தோற்கப்போவது யார்? டீசல் கம்பெனி முன்பணம் கொடுக்கும். மீன்காரம்மாவால் அது முடியாது. பசுமை எரிபொருள் என்ற பெயரில் வந்தாலும் ஏழை வீட்டுத் தட்டிலிருந்து எடுத்தால் அது எடுத்ததுதான்.

சட்டிக்குப் போகாமல், நிஜமாகவே கழிவாகப் போகிற மீனையும் சும்மா தள்ளிவிட முடியாது. நெல்லை - தூத்துக்குடி சாலையில் பொட்டலூரணி விலக்கு என்று ஒரு நிறுத்தம். பக்கத்துக் கிராமத்து மக்கள், அருகில் உள்ள மீன் கழிவு ஆலைகளின் நாற்றமும் மாசும் தாங்க முடியவில்லை, மூட வேண்டும் என்று நீண்ட நாள் போராடினார்கள். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். ஓட்டுப் போடாமல் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. மீன் எண்ணெய் டீசல் பற்றிய எந்தத் திட்ட அறிக்கையிலும் மூலப்பொருள், இயந்திரம், லாபம் என்று பத்தி பத்தியாக இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்காது.

கூடங்குளம் அணுமின் நிலையம், தூத்துக்குடி அனல்மின் நிலையம், வரிசை வரிசையாகக் காற்றாலைகள் என்று ஏற்கனவே ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிற கரை இது. புகையும் பயமும் இந்தப் பக்கம், வெளிச்சம் எல்லாப் பக்கமும். இன்னொரு எரிபொருள் ஆலை வருகிறது என்றால் மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் தப்பே இல்லை.

அப்போ ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும். ஆனால் சின்னதாக.

மீன்தூள் ஆலையிலேயே தீவனத்துக்கும் மருந்துக்கும் ஆகாத, சிக்குப் பிடித்த எண்ணெய் கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். இதை யாரும் 415 ரூபாய் கொடுத்து வாங்க மாட்டார்கள். அதை அங்கேயே கொதிகலனில் எரிக்கலாம். டீசலோடு கலந்து ஆலையின் ஜெனரேட்டருக்கே ஊற்றலாம். அலாஸ்கா செய்தது அதுதான். பயோடீசலாக மாற்றும் செலவும் இல்லை, வண்டி வைத்து எடுத்துப் போகும் செலவும் இல்லை.

இன்னொன்று, ஹோட்டல் எண்ணெய். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் ரூக்கோ என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. பஜ்ஜி, பூரி, சிக்கன் பொரித்துப் பொரித்துக் கருத்துப்போன எண்ணெயை மறுபடி சமையலுக்கு விடாமல் பயோடீசல் ஆலைக்கு அனுப்புவதுதான் நோக்கம். ஹோட்டல்களில் பெரும்பாலும் பாமாயில். அதில் இரட்டைப் பிணைப்பு குறைவு, அதனால் சீக்கிரம் கெடாது. ஆனால் குளிரில் உறையும். மீன் எண்ணெய் நேர் எதிர், உறையாது, கெடும். இரண்டையும் அளவாகச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது கொஞ்சம் மறைக்கும். நெல்லை ஜங்ஷன், பாளையங்கோட்டை ஹோட்டல்களில் தினமும் மிஞ்சும் எண்ணெயை ஒழுங்காகச் சேகரித்தாலே, சாளையின் மேல் கை வைக்காமல் ஒரு சிறிய ஆலைக்கு வேலை கிடைக்கும். கருத்த எண்ணெயில் பொரித்த வடை சாப்பிடாமல் தப்பிக்கும் வயிறுகள் கூடுதல் லாபம்.

கல்லூரி பிசினஸ் பிளான் போட்டிகளில் பயோடீசல் அடிக்கடி வரும் தலைப்பு. மீன் கழிவு என்றால் மூலப்பொருள் செலவு பூஜ்யம் என்று போட்டுவிட்டு, லாபத்தை லட்சங்களில் காட்டுவது வழக்கம். அடுத்த முறை அப்படி ஒரு பவர்பாயிண்ட் ஓடினால், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். இன்றைக்கு இந்தக் கழிவை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? மீன் வராத வருடம் இயந்திரம் எதைத் தின்னும்? நாற்றம் எந்த ஊர் மேல் போகும்?

மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவருக்குக் கை தட்டலாம். பதில் இல்லாதவரிடம் பணம் போட அப்பாவை வற்புறுத்த வேண்டாம்.

கொசுறு: தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலின் பெயரிலேயே ஒரு எண்ணெய் மரம் இருக்கிறது. புன்னை. கடற்கரை மணலில், உப்புக் காற்றில் வளரும். அதன் கொட்டை எண்ணெயில் ஒரு காலத்தில் விளக்கு எரிந்தது, படகுக்கும் பூசினார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் விவசாயி ஒருவர் அந்த எண்ணெயிலேயே தன் பம்ப்செட்டை ஓட்டுவதாகப் பத்திரிகைகளில் வந்தது. அது சாப்பிடுகிற எண்ணெய் இல்லை. மீன்காரம்மாவோடு போட்டியும் போடாது. காட்டாமணக்குக் காலத்து உற்சாகம் தேவையில்லை. தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து எழுதினால் படிக்க ஆள் உண்டு.